பதினாறு டாலரும் ஒரு பொருத்தனையும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் பெருங்களத்தூர். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜி.எஸ்.டி. சாலையில், சூர்யநாராயணன் சாரின் காருக்குள். ஊருக்குப் போகிற சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு சாலையிலேயே நின்றதால் கார் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. அசைந்திருந்தால் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், நானும் எழுதியிருக்க மாட்டேன். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் கற்பனை செய்த கதை அல்ல, கேட்ட கதை. அதையும் அரைகுறையாகத்தான் கேட்டேன்.

சூர்யநாராயணன் சார் எங்கள் காலனிச் சங்கத்தின் செயலாளர். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போன செப்டம்பரில் காலனியிலிருந்து தன்னோடு சேர்த்து எட்டுப் பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய், அங்கிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக் காட்டிவிட்டு வந்தார்.

"எல்லாம் நல்லபடியா போச்சு சார். ஒரே ஒரு விஷயம்தான் மனசுல நிக்குது. நம்ம தபீதாள் டீச்சர் விஷயம்," என்று ஆரம்பித்தார்.

கப்பலில் ஏறிய முதல் நாளே அறையின் டிவியில் பில் தெரிந்ததாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு டாலர். யாரும் கேட்கவில்லை, தானாகவே ஏறியிருந்தது. கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ்; அங்கே அதற்குப் பெயர் கிராஜுவிட்டி.

"கிராஜுவிட்டின்னா என்ன சார்? முப்பது வருஷம் மாடா உழைச்சவனுக்கு ரிட்டயர் ஆகறப்போ முதலாளி குடுக்கறது. நாலு நாள் கப்பல்ல உக்காந்துட்டு வர்ற நான் எதுக்கு சார் கிராஜுவிட்டி குடுக்கணும்?"

அவர் கஞ்சர் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் முதல் வரைவில் அவரைக் கஞ்சராகத்தான் எழுதியிருந்தேன். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை பதினொரு பேருக்குப் பணிக்கொடையை இழுத்தடித்தபோது, இரண்டு வருடம் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அத்தனை பேருக்கும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். உழைக்கிறவனுக்குக் கூலி கொடுப்பது முதலாளியின் வேலை, அதை வருகிற விருந்தாளியின் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. நான் எவ்வளவு யோசித்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்தாம் தளத்துக் கவுண்டரில் கேட்டால் அதை நீக்கித் தருவார்கள் என்று இணையத்தில் படித்திருந்தார். எட்டுப் பேரையும் அழைத்துப் போய், ஒரே படிவத்தில் கையெழுத்து வாங்கி, நீக்கிவிட்டார். "கடைசி நாள் நம்ம கையால நேரா குடுப்போம். நடுவுல எவனும் வேணாம்," என்பது ஏற்பாடு. ஆனால் மறுநாள் காலையில் தபீதாள் டீச்சர் மட்டும் வந்து, தன் பெயருக்கு அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

சூர்யநாராயணன் சார் கியரின் மேல் கையை வைத்தார். முன்னால் நின்ற அரசுப் பேருந்து நகரவே இல்லை.

"ஏதோ வேண்டுதலாம்," என்றார்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அ) "கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது தபீதாளின் நெஞ்சுக்குள் அலைகள்—" (நிறுத்திவிட்டேன். நான் கப்பலே ஏறியதில்லை.)

ஆ) "ஆண்டவரே, இந்தக் கப்பல் ஊழியர்களுக்கு நான் செய்துகொண்ட வேண்டுதலை—"

ஆ-வை நான்கு பக்கம் வரை ஓட்டினேன். வேண்டுதல் எதற்காக, எப்போது செய்துகொண்டது என்று ஒரு சிறு முன்கதைகூடச் சேர்த்தேன். கதாபாத்திரம் நகர மறுத்தது. கணக்கு டீச்சராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், கப்பல் டிப்ஸை எந்த ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வாள்? கடைசியில் வரைவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். சிரித்தார்.

"நாங்க வேண்டுதல்னு சொல்ல மாட்டோம் தம்பி, பொருத்தனைன்னு சொல்வோம். அது கெடக்கட்டும். கப்பல் டிப்ஸுக்கு எவளாவது பொருத்தனை பண்ணுவாளா? இது யார் சொன்னது?"

"சூர்யநாராயணன் சார்."

சிரிப்பு நின்றது. "அவரா? வேண்டுதல்னா சொன்னாரு?"

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

தாள்களை மேசையில் வைத்து ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார். "நாலு மாசம் ஆச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து, நடந்ததைச் சொன்னார். கீழே வருவது அதுதான்.

3

தபீதாளுக்கு ஒரே மகன், காலேப். கேட்டரிங் படித்துவிட்டு ஏழு வருடமாக அமெரிக்கப் பக்கம் ஓடும் ஒரு சொகுசுக் கப்பலில் வேலை. யாராவது கேட்டால் தபீதாள் "கப்பல்ல இருக்கான்" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை. மீதியைக் காலனி நிரப்பிக்கொண்டது. சிலர் கப்பல் அதிகாரி என்றார்கள், ஒருவர் மெரைன் இன்ஜினியர் என்றே முடிவு கட்டினார். அவள் யாரையும் திருத்தவில்லை. வகுப்பில் ஒரு கூட்டல் தப்பினால்கூட விடாதவள், இதை விட்டுவிட்டாள்.

(இந்த இடத்தில் "தாய்மையின் தவிப்பு" என்று ஒரு வாக்கியம் இருந்தது. டீச்சரே அடித்தார்.)

காலேப் அறை சுத்தம் செய்பவன். படுக்கை விரிப்பு மாற்றுவான், குளியலறை கழுவுவான். தன் வேலையைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை, அனுப்பும் பணம் குறைந்த ஒரு மாதத்தில், "கெஸ்ட் நெறைய பேர் ரிமூவ் பண்ணிட்டாங்கம்மா," என்றான். எதை என்று அவளுக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

ஐந்தாம் தளத்துக் கவுண்டரில் நின்ற பெண், "கிராஜுவிட்டி ரிமூவ் பண்ணணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோதுதான் ரிமூவ் என்ற அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தது; மகன் எதைச் சொன்னான் என்று புரிந்தது. அதற்குள் பேனா அவள் கைக்கு வந்துவிட்டது. பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தபீதாள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் அவளோடு அறையில் தங்கியிருந்த திரிபுரசுந்தரி நீச்சல் குளம் பார்க்கப் போயிருந்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்து வந்த தபீதாள் அறைக்குத் திரும்பினாள். குளியலறையில் வயான் முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்தோனேசியப் பையன், முப்பது வயது இருக்கும். அவளைப் பார்த்ததும் "சாரி மேடம்" என்று பதறி எழுந்தான். அவள் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"எத்தனை ரூம் உனக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பதினெட்டு, மேடம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

முப்பத்தாறு. பெருக்கல் தானாக நடந்துவிட்டது. அவன் குழாயைத் துணியால் துடைத்தான், பிறகு அதே கையால் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். ஏழு வருடத்தில் தன் மகன் வேலை செய்வதை அவள் பார்த்ததில்லை. மகனும் இப்படித்தான் குழாயைத் தடவிப் பார்ப்பானோ என்று தோன்றியது. நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

அங்கே ஒரு சிக்கல் இருந்தது. எட்டுப் பேரில் வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு சூர்யநாராயணனிடம் மட்டும்தான் இருந்தது. எட்டுப் பேரின் பில்லும் அவர் கணக்கில். அவர் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்ற முடியாது.

4

அவரும் அவர் மனைவி கோகிலவாணியும் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பினாங்கு தெரிந்தது. சூர்யநாராயணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயைத் தயிரில் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து குடுத்த ஃபார்ம்ல என் பேரை மட்டும் திரும்பச் சேக்கணும். நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"ஏன் டீச்சர்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"எட்டுப் பேரும் சேந்துதானே முடிவு பண்ணோம்? இப்ப நீங்க ஒருத்தர் மட்டும் மாறினா மத்த ஏழு பேரும் பிசினாறின்னு ஆயிடாதா?"

தபீதாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"காலேப் இந்த வேலைதான் சார் பாக்கறான்."

"எந்த வேலை?"

"ரூம் க்ளீனிங். பெட்ஷீட் மாத்தறது, பாத்ரூம் கழுவறது. ஆபீசர் எல்லாம் இல்ல. நான் யார்கிட்டயும் ஆபீசர்னு சொல்லல. நீங்கல்லாம் அப்படி நினைச்சீங்க, நானும் விட்டுட்டேன்."

கோகிலவாணியின் ஸ்பூன் நின்றது. சூர்யநாராயணன் தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்:

"நீங்க இங்க கட்டினா அது காலேப்புக்குப் போகுமா?"

"போகாது. அது வேற கம்பெனி."

"அப்புறம்?"

அவள் மேசைத் துணியின் மடிப்பை நீவினாள்.

"நான் சொல்றது தப்பா டீச்சர்? சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனி இல்லையா?"

"தப்பில்ல சார். நீங்க சொல்றது சரிதான்."

"பின்ன ஏன்?"

"நீங்க சரிங்கறதுக்காக நான் என் பையன் சம்பளத்துல கை வைக்க முடியாதுல்ல."

சூர்யநாராயணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். அவள் ஒருத்தி பெயர் மட்டும் சேர்ந்தது. திரும்பி வரும்போது, "மத்தவங்க கேட்டா நான் பாத்துக்கறேன்," என்றார். அவர் என்ன சொல்லிப் பார்த்துக்கொண்டார் என்பது தபீதாளுக்கு நான் போய்ச் சொல்லும் வரை தெரியாது. கணவனும் மனைவியும் காலனியில் ஒரு வார்த்தை விடவில்லை. என்னிடம்கூட, ஒன்றரை மணி நேரம் வேறு வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதும், விடவில்லை.

5

இதற்கு மேல் நான் எழுதி வைத்திருந்த முடிவுகள் இரண்டு.

முதலாவதில், செய்தி பரவி மீதி ஏழு பேரும் வரிசையாக வந்து தங்கள் பெயரைத் திரும்பச் சேர்க்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கைதட்டல்கூட வைத்திருந்தேன். டீச்சர் படித்துவிட்டு, "யாரும் மாறல தம்பி. இதையெல்லாம் எடுத்துடுங்க," என்றார்.

இரண்டாவதில், டீச்சர் வயானைத் தன் மகனாகவே நினைத்து— (வேண்டாம். அதைப் படித்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.)

உண்மையில் நடந்தது வேறு. கோகிலவாணி அன்றிலிருந்து காலையில் தானே படுக்கையை விரித்து, துண்டுகளை மடித்து, குளியலறையைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே வர ஆரம்பித்தாள். உதவி செய்வதாக நினைப்பு. வயான் அதைப் பார்த்துப் பயந்துபோனான். தன் வேலை பிடிக்காமல் புகார் கொடுக்கப் போகிறார்களோ என்று தபீதாளிடம் வந்து கேட்டான். அவனைச் சமாதானப்படுத்தவும், கோகிலவாணியிடம் சொல்லி நிறுத்தவும் ஒரு நாள் ஆயிற்று.

டீச்சர் என்னிடம் வைத்த நிபந்தனைகள்: சாரைக் கெட்டவராக எழுதக்கூடாது. தன்னை அழ வைக்கக்கூடாது. காலேப்பின் பெயரையும் வேலையையும் அப்படியே போட வேண்டும். "போதும் தம்பி. அவனுக்கே அதுல வெக்கம் இல்ல. எனக்குத்தான் இருந்திருக்கு."

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆறாவது பகுதி வேண்டாம் என்பது அது.

6

கடைசி நாள் சூர்யநாராயணன் தன் பங்கையும் சேர்த்து ஏழு பேரிடமும் வசூல் செய்து, நூற்றைம்பது டாலரை ஒரு கவரில் போட்டு, நடைபாதையில் எல்லாரும் சூழ்ந்து நிற்க வயான் கையில் கொடுத்தார். எட்டுப் பேரின் அறைகளும் அவன் பொறுப்பில்தான் இருந்தன. "உழைச்சவன் கைக்கு நேரா," என்றார். கண் கலங்கியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வயான் கவரை நெற்றியில் வைத்து வணங்கினான்.

ஓரமாக நின்ற தபீதாளுக்கு, காலேப் எப்போதோ சொல்லி அப்போது அவளுக்குப் புரியாமல் போன இன்னொன்று ஞாபகம் வந்தது. அவன் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தானாக ஏறும் தொகையை நீக்கிய விருந்தாளி கையில் கொடுக்கும் பணத்தை ஊழியர் வைத்துக்கொள்ள முடியாது. பொதுக் கணக்கில் கட்டிவிட வேண்டும். இந்தக் கப்பலிலும் அப்படியா என்பது அவளுக்குத் தெரியாது. வயானிடம் கேட்டிருக்கலாம். சூர்யநாராயணனிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"நல்ல மனசோட குடுத்தாரு. என் விஷயத்தையும் வெளிய விடாம காப்பாத்தினாரு. இதை எழுதி அவரை நோகடிக்காதீங்க," என்றார் டீச்சர்.

ஒரு வாரம் அந்தப் பகுதி இல்லாமல் கதையை வைத்திருந்தேன். அப்படி வாசித்தால் சார் முட்டாளாகவும் இல்லை, ஏமாந்தவராகவும் இல்லை. ஆனால் அவர் எதை நம்பி அந்தக் கவரைக் கொடுத்தாரோ, அந்த இடத்தில் நான் அவருக்கு ஒன்றை மறைக்கிறேன். அச்சில் வந்த பிறகு அவர் கண்ணில் படுவதைவிட இது மேல் என்று, ஆறாவது பகுதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7

சார் சிவப்புப் பேனாவோடு படித்தார். மூன்று ஒற்றுப்பிழை திருத்தினார். ஆறாவது பகுதிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார். உள்ளே கோகிலவாணி மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது நின்றதும் கேட்டார்:

"டீச்சர் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நல்ல மனசோட குடுத்தீங்கன்னு—"

"நல்ல மனசு கெடக்கட்டும் சார். அவனுக்குப் போச்சா, போகலையா?"

"தெரியல சார்."

"தெரியாமயா எழுதினீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கப்பல் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதினார். பயணத் தேதி, அறை எண்கள், கொடுத்த தொகை, ஊழியர் பெயர். அடுத்து அந்தப் பெயரை மட்டும் அழித்தார். "அவனுக்கு எதாவது பிரச்சனை வந்துடக்கூடாது," என்றார். கேள்வி ஒரே வரி: கையில் கொடுத்த பணம் யாருக்குப் போகும்?

உடனே பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, ஏழு வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்வோம் என்று இயந்திரம் அனுப்பிய பதில்.

இன்றோடு இருபத்து மூன்று வேலை நாள். இரண்டு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். தெருவில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார், இன்னும் இல்லை என்று. டீச்சரைச் சந்தித்தாரா, என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை. நானும் எழுதிப் பார்க்கவில்லை.

"பதில் வந்ததும் முடிவை எழுதுங்க. அது வரைக்கும் எடம் விட்டு வைங்க," என்றார் சார்.

கீழே நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். வாசிக்கிறவர்களில் யாராவது அந்த வேலையில் இருந்திருந்தால், அல்லது வீட்டில் யாராவது இருந்தால், நிரப்பலாம். தெரியாதவர்கள் நிரப்ப வேண்டாம் என்று சார் சொல்லச் சொன்னார்.

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .