ஸ்கூட்டர் சிரிப்பு

அவளுடைய சிரிப்பு ஒரே மூச்சில் வந்துவிடாது. முதலில் சத்தமே இருக்காது. தோள்கள் மட்டும் குலுங்கும். பிறகு மூக்கு வழியாக ஓர் இழுப்பு, கிளம்ப மறுக்கும் பழைய ஸ்கூட்டரை யாரோ உதைப்பது போல. நாலைந்து உதைக்குப் பிறகு வண்டி கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் நிறுத்துவது யார் கையிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். வீட்டில் அவளுக்கு ஸ்கூட்டர் என்றே பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூக்கு அப்பாவுடையது, நிறம் அம்மாவுடையது, அடங்காத முடி பெரிய அத்தையுடையது. சிரிப்பு மட்டும் யாரிடமிருந்தும் வராதது.

அது ஊருக்கே பொதுவாகிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பலகை பலகையாக வந்திறங்கிய அலமாரியைத் தானே பொருத்திக் காட்டுவதாக அப்பா உட்கார்ந்தார். ஆள் வைக்கலாமே என்ற அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அலமாரியின் முகத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பின்பக்கமாக உள்ளே நுழைந்து ஏதோ ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா, உதவி செய்வதாக நினைத்து, பின்பலகையைத் தூக்கி வைத்து நாலு பக்கமும் ஆணி அறைந்துவிட்டாள். அலமாரி உள்ளிருந்து இரண்டு முறை தட்டியது. பிறகு அது, "சரி, காபியையாவது இந்த இடுக்கு வழியாக் குடு" என்றது.

தங்கை அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தில் தெரிந்தது அலமாரி மட்டும்தான். கேட்டது ஸ்கூட்டர்.

தோழிகளுக்காகத் தங்கை போட்ட வீடியோவை அதிகம் பேர் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான் சிரிப்பை மட்டும் கத்தரித்து, வாளிக்குள் விழும் ஒரு பூனையின் மேல் ஒட்டினான். பூனையிலிருந்து அது வழுக்கி விழும் மாப்பிள்ளைக்குப் போனது. மாப்பிள்ளையிலிருந்து தேர்வில் தோற்றவர்களுக்கு. அந்தச் சத்தத்துக்கு வாயசைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு போன் இல்லாமலே அப்படிச் சிரிக்கத் தொடங்கினார்கள். பேருந்தில், தியேட்டர் வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட இளசுகள் தோளைக் குலுக்கி மூக்கால் இழுத்தார்கள். நிறையப் பேர் பின்தொடரும் ஒரு பெண் அதற்குப் பாடமே போட்டாள்: 'உங்களை நீங்களாகக் காட்டும் சிரிப்பு, ஒரே வாரத்தில்.' அதன் கீழே ஆயிரக்கணக்கானவர்கள், இதைப் பழகிய பிறகுதான் தங்களையே தாங்கள் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தார்கள்.

இதையெல்லாம் முதலில் அவள் ரசித்தாள். ரசிக்க முடியாமல் போனது வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்டில். எதையோ நினைத்து அவள் சிரித்துவிட, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் பரிதாபமாகப் பார்த்து, "இதெல்லாம் போன மாசம் முடிஞ்சிருச்சு அக்கா" என்றாள். அலுவலகத்தில் முதலாளி, நீயும் கத்துக்கிட்டியாம்மா என்று கேட்டார். வீட்டில் நடந்ததுதான் உச்சம். சாப்பிடும்போது அவள் சிரித்ததைத் தங்கை கவனமாகக் கேட்டுவிட்டு, மூக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே வரணும் அக்கா, நீ லேட் பண்ற என்று திருத்தினாள்.

அதன் பிறகு அவள் சிரிப்பை அடக்கப் பழகினாள். வாயைக் கையால் மூடி, வங்கிக் கவுண்டரில் சிரிப்பது போல அளவாக ஒரு 'ஹஹ'. ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழைய சிரிப்பைச் சிரித்துப் பார்த்தாள். வந்தது. ஆனால் தான் சிரிக்கிறோமா, அந்த வீடியோவைச் செய்து காட்டுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றுதான் பயம் பிடித்தது. ஒரு பொருள் தொலைந்தால் தேடலாம். எல்லாரிடமும் இருக்கும் பொருளை எங்கே போய்த் தேடுவது?

அவள் வேலை பார்த்தது ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் அவளுடைய கணினியும். அந்தப் பக்கம் மைக்கும், மைக் முன்னால் வந்து நிற்பவர்களும். உள்ளே இருப்பவர்களோடு பேச மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அவள் குரல் அவர்களுடைய ஹெட்போனில் கேட்கும்.

ஒரு காலையில், செல்போன் உறை விற்கும் கம்பெனிக்கு விளம்பரம் எடுக்கும் இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான். விளம்பரத்தின் வாசகம், 'நீ நீயாக இரு.' அதன் முடிவில் அந்த ஸ்கூட்டர் சிரிப்பு வேண்டும். கத்தரித்த துண்டில் அலமாரியும் அம்மாவும் கலந்து கேட்பதால் அதை அப்படியே போட முடியாது. புதிதாகப் பதிய வேண்டும். முதலில் சிரித்தது யாரென்று தேடிச் சலித்துவிட்டார்களாம். அதனால் குரல் கொடுப்பவர்கள் சிலரை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, சிரிக்காத முகத்தோடு சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவளால் பொறுக்க முடியவில்லை. முதலாளி இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"சார், அந்த ஒரிஜினல் சிரிப்பு என்னோடதுதான்."

இளைஞன் கோபப்படவில்லை. "வெளியில ரெண்டு பேர் இதையேதான் சொல்றாங்க" என்றான். "ஒருத்தர் ஆம்பள."

சிரித்துக் காட்டினால் போயிற்று என்றார் முதலாளி. அவள் உள்ளே போனாள். ஹெட்போனை மாட்டினாள். எத்தனையோ பேரைச் சிரிக்கச் சொல்லிப் பதிந்திருக்கிறாள். எவ்வளவு கொடுமையான வேலை என்பது அப்போதுதான் புரிந்தது. தோளைக் குலுக்கினாள். மூக்கால் இழுத்தாள். ஜலதோஷக்காரி மூச்சு விடுவது போல ஏதோ வந்தது. திரும்பவும் செய்தாள். இந்த முறை தங்கை சொன்னபடி மூக்கைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். கண்ணாடிக்கு அப்பால் இளைஞன் கண்ணியமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தான்.

"பரவால்லம்மா," என்றார் முதலாளி பொத்தானை அழுத்தி. "வந்து உன் வேலையப் பாரு."

வந்து உட்கார்ந்தாள். தன் சிரிப்பைத் தானே காப்பியடித்து அதிலும் தோற்றுப்போன முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்து உள்ளே போனவரை அங்கே எல்லாரும் லிஃப்ட் அண்ணன் என்பார்கள். ஊரில் பாதி லிஃப்டுகளுக்குள் இருப்பது அவர் குரல். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று நம்மை மணிக்கணக்கில் காக்க வைப்பதும் அவர்தான். முழுக்கைச் சட்டையை உள்ளே செருகி வந்திருந்தார். டிக் டிக் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். காகிதத்தை நேராகப் பிடித்தார். எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் படிப்பது அவருடைய தொழில் தர்மம். எப்படிச் சிரிக்க வேண்டும் என்ற குறிப்பும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

"மூக்கால் ஓர் இழுப்பு," என்று லிஃப்டின் குரலில் தொடங்கினார். "பிறகு, கட்டுப்பாடில்லாத சிரிப்பு. ஹா. ஹா. ஹா. நன்றி."

இன்னொரு டேக் போகலாம் அண்ணா என்று சொல்வதற்காக அவள் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை.

பிறகு உதைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கில் பீறிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவில்லை. உள்ளே ஹெட்போன் வழியாக முழுச் சிரிப்பும் காதில் விழ, லிஃப்ட் அண்ணன் கலவரப்பட்டு, அதே குரலில், "ஏதாவது தவறு நேர்ந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டார். அதோடு வண்டி கிளம்பிவிட்டது. நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இளைஞன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். வராந்தாவில் இருந்தவர்கள், விஷயம் என்னவென்றே தெரியாமல், முதல்முறையாக உண்மையிலேயே சிரித்தார்கள்.

மூச்சு திரும்பியபோது பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அவளுடைய சிரிப்பும் ஹெட்போனிலிருந்து கசிந்து லிஃப்ட் அண்ணனின் மைக்கில் விழுந்திருந்தது. இளைஞன் அதைப் போடச் சொல்லிக் கேட்டான்.

"சூப்பரா இருக்கு. ஆனா இது அது இல்ல."

அவள் இரண்டின் ஒலி அலைகளையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அலமாரிச் சிரிப்பு சின்னச் சின்ன மேடாக ஏறி ஒரேயடியாகச் சரிந்தது. இன்றையது நடுவில் அறுந்து, விக்கலாகி, தேம்பலாகி, அடங்கியது போல ஏமாற்றிவிட்டு மறுபடி எழுந்தது. ஊரே உட்கார்ந்து பழகியிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை. மற்ற நாளெல்லாம் அவளிடமே இருந்தது.

"முடிவ மட்டும் ஒரிஜினல் மாதிரி மாத்திச் சிரிக்க முடியுமா?" என்றான் இளைஞன்.

"முடியாது சார்."

"ட்ரை பண்ணா?"

"ட்ரை பண்ணாத்தான் சார் முடியாது."

இவ்வளவு சந்தோஷமாக முடியாது என்று சொல்லும் ஆளை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது; வற்புறுத்தவில்லை. கடைசியில் லிஃப்ட் அண்ணனின் டேக்கையே, 'நன்றி' உட்பட, எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இனி ஊர் முழுக்க முற்றுப்புள்ளி வைத்துச் சிரிக்கப்போகிறது என்றார் முதலாளி. வேண்டாத டேக்குகளை அவள் அழித்தாள். அவற்றில் தன்னுடையதும் இருந்தது. வெச்சுக்கலாமேம்மா என்றார் அவர். எதுக்கு சார், இன்னொண்ணு வரும் என்றாள்.

உள்ளே லிஃப்ட் அண்ணன் இன்னும் மைக் முன்னால் நேராக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த டேக்கில் 'கட்டுப்பாடில்லாத' என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்லட்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

பதில் சொல்வதற்காக அவள் பொத்தானை அழுத்தினாள். தோள்கள் முந்திக்கொண்டன.