புரவலர்: ஜவ்வாது மலை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்பில், என் மடியில் பாதியும் பக்கத்து ஆளின் மடியில் பாதியுமாக ஒரு நீளப் பை படுத்திருந்தது. அந்த ஆளின் வலது கை நல்ல கறுப்பு. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்திருந்தது. ஏதோ தோல் நோய் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நோவு இல்லீங்க. கிளவுஸ் போடற கை. கோல்ஃப் ஆடுறேன்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கிப் பார்த்தவை:

பனி விலகாத பச்சைப் புல்வெளியில் அந்த வெள்ளைப் பந்து ஒரு (வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

மலையிலிருந்து இறங்கியபோது சேட்டுவுக்கு வயது பத்தொன்பது, கையில் ஒரு (கையில் ஒன்றும் இல்லையாம். கேட்டுவிட்டேன்.)

ஆக, நேராகவே சொல்கிறேன்.

2

சேட்டு என்பது அவன் சொந்தப் பெயர். (ஜீப்பில் 'அவர்', கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. கதாநாயகர்களுக்கு நாம் தரும் மரியாதை அவ்வளவுதான்.) பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், மேஸ்திரி வராத ஒரு நாளில் கோல்ஃப் மைதானத்துக்குப் புல் வெட்டப் போனான். பிறகு அங்கேயே ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கினான். பை தூக்குகிறவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்று வருகிறது. "எம் புருசன் பத்து வருசம் கேடியா இருந்தாரு," என்று அவன் மனைவி வடிவு பெருமையாகச் சொன்னபோது, ஜீப்பில் எதிரே இருந்த ஒரு அம்மாள் தன் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

முப்பத்துமூன்று வயதில் தகுதிச்சுற்றில் தேறி, ஆண்களுக்கான தேசியத் தொழில்முறைத் தொடரில் ஆட்டக்காரன் ஆனான். கையில், தொடரில் ஆட ஒரு வருட அனுமதி அட்டை. பருவ முடிவில் தரவரிசையில் முதல் அறுபதுக்குள் இருந்தால் அட்டை நீடிக்கும். இல்லையென்றால் மறுபடி பை தூக்கவேண்டியதுதான்.

வடிவுக்கு ஆட்டத்தை விளக்கினான். "பந்தைக் குழியில போடணும். கம்மியா அடிச்சவன்தான் ஜெயிச்சவன்."

"அப்டின்னா நீ வூட்லயே இருந்தின்னா? ஒரு அடிகூட ஆவாதே."



3

பருவத்தில் பதினான்கு போட்டிகள். ஒவ்வொன்றும் நான்கு நாள். இரண்டாம் நாள் மாலை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேட்டு முதல் ஏழு போட்டிகளிலும் ஒரே ஒரு அடி கூடிப்போய் அப்படி வெளியேறினான். ஏழு ஊர், ஏழு ஒற்றை அடி. (நம்பமாட்டீர்கள் என்று ஒரு பிரதியில் மூன்றாகக் குறைத்திருந்தேன். அது அவனுக்குச் செய்யும் துரோகம்.) "பத்து அடியில தோத்தா நிம்மதியா தூங்கலாம்ங்க," என்றான். "ஒத்த அடின்னா, எந்த அடின்னு தேடிக்கிட்டே இருக்கணும்."

எட்டாவது போட்டிக்கு முன் வடிவு அவன் சட்டை முதுகில் ஆங்கில எழுத்தில் 'ஜவ்வாது மலை' என்று நூலால் தைத்துக் கொடுத்தாள். முதல்முறையாக நான்கு நாளும் ஆடினான். மறுநாள் தொடரின் அலுவலகத்திலிருந்து கடிதம்: சட்டையில் பெயர் போட்டிருக்கும் புரவலரின், அதாவது ஸ்பான்சரின், கையெழுத்து தேவை.

அலுவலர் விஜயராஜிடம் போய் நின்றான்.

"சார், அது மலைங்க."

"மலைன்னு எனக்குத் தெரியும்யா. அங்க அமிர்தி அருவிக்கு டூர் வந்திருக்கேன். ஃபாரத்துக்குத் தெரியாதே."

"நூலைப் பிரிச்சிடட்டுங்களா?"

"பிரிச்சா, புரவலர் விலகிட்டாருன்னு இன்னொரு ஃபாரம். அதுக்கும் அவரு கையெழுத்து வேணும்."

4

இங்கே சேட்டுவின் ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வருகிறார். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் இவர்தான். என்ன செய்ய, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு பிரதியில் நீக்கிப் பார்த்தேன். மலைக்காகக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கதை அங்கேயே நின்றது.

சாமைக் கதிர் அறுப்புக்கு நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு, 'ஜவ்வாது மலைக்காக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிலுக்கு, பெங்களூரில் நடக்கும் கடைசிப் போட்டிக்கு அவர் பெயரில் புரவலர் அனுமதி அட்டை வந்தது. வடிவையும் கூட்டிக்கொண்டு போனார். புரவலர்களுக்கான மதிய விருந்தில், பக்கத்தில் ஒரு சிமென்ட் கம்பெனிக்காரர், தமிழ் தெரிந்தவர்.

"உங்க நிறுவனம் ரொம்பப் பெரிசோ?"

"மூணு மாவட்டத்துல கெடக்குதுங்க."

"எப்போ ஆரம்பிச்சது?"

கவுண்டர் யோசித்தார். "எங்க பெரியவங்க வர்றப்பவே இருந்துச்சிங்க."

சிமென்ட்காரர் நாற்காலியைச் சற்று மரியாதையாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

5

அப்போது சேட்டு தரவரிசையில் அறுபத்தொன்று. கடைசி நாள், கடைசிக் குழி, எட்டடி தூரத்தில் பந்து. உள்ளே போனால் அறுபதாவது இடம். ஒரு வருடத்துப் பேருந்துகள், விடுதிகள், அந்த ஏழு ஒற்றை அடிகள் எல்லாம் இந்த எட்டடிக்குள் வந்து படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. குனிந்தான். கூட்டம் மூச்சடக்கியது.

காலையிலிருந்து அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்த கவுண்டர், ரகசியம் என்று நினைத்து உரக்கக் கேட்டார்: "ஏம்மா வடிவு, இவ்ளோ தண்ணி பாய்ச்சுறாங்களே, இதுல இன்னா வெளையுது?"

சேட்டுவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

முடிவு அ: சிரிப்பில் தோள் இளகியது, பந்து நேரே குழிக்குள். (இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.)

முடிவு ஆ: மட்டையை வீசிவிட்டுக் கவுண்டரை நோக்கி (இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

நடந்தது: சிரித்துக்கொண்டே அடித்தான். பந்து குழியின் விளிம்பைப் பாதி சுற்றி, ஏதோ யோசித்ததுபோல் நின்றுவிட்டது. அறுபத்தொன்றாவது இடம். அட்டை போயிற்று.

"கவுண்டர் மேல கோவம் இல்லீங்களா?" என்று ஜீப்பில் அவன் காதோரமாகக் கேட்டேன்.

"அவரு கேட்டது நியாயந்தானுங்க. பதினஞ்சு வருசமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். நேரந்தான் தப்பு."

6

பெங்களூரிலிருந்து கிளம்பும்போது விஜயராஜ் இன்னொரு படிவத்தோடு ஓடிவந்தாராம். விதிப்படி ஒவ்வொரு புரவலரும் அடுத்த பருவத்தில் ஒரு போட்டிக்கு ஒரு ஆட்டக்காரரை அழைக்கலாம். அதில் ஜெயித்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். கவுண்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அழைக்கும் ஆட்டக்காரரின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும்.

அந்தத் தாள் முன்சீட்டிலிருந்து என் கைக்கு வந்தது. "எழுதற ஆளுன்னு சொன்னீங்களே. பேரை எழுதுங்க."

"வேணாம் சார்," என்றான் சேட்டு. "ஆடி வாங்காத எடம் எனக்கு வேணாம். மலை சிபாரிசுல வந்தான்னு சிரிப்பாங்க."

"ஏழு ஊர்ல ஒத்த அடியில திரும்புனியே, அப்ப எவன் சிரிக்காம இருந்தான்?" என்றாள் வடிவு. "நீங்க எழுதுங்கண்ணா."

"எனக்குத் தெரிஞ்சி மலையில இந்த ஆட்டம் ஆடறவன் இவன் ஒருத்தன்தான்," என்றார் கவுண்டர். "அவன் மாட்டேன்னா எம்பேரை எழுதுங்க. போய்ட்டு வர்றேன்."

நான் எழுதினேனா என்று சொல்லப்போவதில்லை. அந்த வரியை அப்படியே உங்களிடம் தருகிறேன்.

பெயர்: ..............................

எழுதுமுன் ஒன்று. வடிவு உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்க்கிறான். ஆனால் அவன் பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை 'டி' என்று நான் பொதுவாகக் கேட்டபோது, திரும்பாமலேயே சொன்னான்:

"ரெண்டுங்க."