மீன் ஒத்துக்கொள்ளாத மீன்காரி

என் அண்ணி மீன்கடை வைத்திருக்கிறாள். ஆனால் மீன் சாப்பிடமாட்டாள். ஒரு துண்டு உள்ளே போனால் போதும், உதடு வீங்கி மூச்சு இழுக்கும். இது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கடையில் உட்கார்ந்துவிட்டால் அவள் வாயே வேறு. "நேத்து நானே சாப்பிட்டேன்மா, ருசி இன்னும் நாக்குலயே நிக்குது" என்று வாய் கூசாமல் அளப்பாள். பக்கத்தில் செதில் சீவும் நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவேன்.

அவளுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வார்டுக்கு வந்தார்.

"எதாவது ஒத்துக்காம போகுமாம்மா? மருந்து, முட்டை, மீன்?"

அடுத்த கட்டிலில் எங்கள் வாடிக்கையாளரான தையல்காரர் மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

"மீனா? நல்லா கேட்டீங்க போங்க! எங்க பொழைப்பே அதுதானே" என்றாள் அண்ணி. அண்ணனும் ஆமாம் போட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் பின்னாலேயே ஓடி வராந்தாவில் மடக்கினேன்.

"அவங்க சொன்னது பச்சைப்பொய் டாக்டர். மீன் சாப்பிட்டா மூச்சு அடைச்சுக்கும்."

அவர் நின்றுவிட்டார். "ஆபரேஷன்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து குடுப்போம். முடிஞ்சதும் அதை முறிக்க இன்னொண்ணு. அதை மீனோட விந்துலேருந்துதான் எடுக்கறாங்க. நல்லவேளை சொன்னீங்க."

அவர் திரும்பிப் போய் அண்ணியிடம் மறுபடி கேட்டார். அவள் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தையல்காரர் மனைவி வாயைப் பிளந்தாள்.

"என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியேடி" என்று அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "அந்த முறிக்கற மருந்தை வேற வழியில்லாம சொட்டுச் சொட்டாதான் குடுத்துப் பாத்தோம். அதுக்கே பிரஷர் இறங்கிடுச்சு. தயாரா இருந்ததால உடனே நிறுத்திட்டோம். தெரியாம முழுசா ஏத்தியிருந்தா பொழைச்சிருக்கமாட்டாங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தொண்டையிலிருந்த மூச்சுக்குழாயை எடுத்ததும் நர்ஸ் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணன் குனிந்து, "பயந்தே போயிட்டேன்" என்றான்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். குரல் கம்மியிருந்தது.

"கடை படுத்துடுமேன்னு நான் பொய் சொன்னேன். நீங்க எதுக்கு ஆமாம் போட்டீங்க?"