லயத்து வாசல் வழியாக

மாத்தளையில் குளிர் என்றால் நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழியிலிருந்து மாசி வரை இரத்தோட்டை மலைப்பக்கம் காலையில் பனி இறங்கும். எங்கள் மாவட்டத்தின் ஓரியன்டியரிங் லீக் அந்த மாதங்களில்தான் நடக்கும். ஞாயிறுக்கு ஞாயிறு ஒவ்வோர் இடம். ஓடுகிறவர் கையில் ஒரு வரைபடம், திசைகாட்டி, ஓர் அட்டை. தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் செம்மஞ்சள் கொடிகள் கட்டியிருக்கும். வரிசைப்படி அவற்றைத் தேடிப்போய், அங்கே தொங்கும் கருவியால் அட்டையில் குத்திக்கொண்டு வர வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியால் போவது என்பது அவரவர் பாடு. விரைவாக வந்தவருக்கே அதிகப் புள்ளி. கடைசியில் பெண்களில் முதலாவதாக நிற்பவளைக் கொழும்புப் பயிற்சி அணிக்கு எடுப்பார்கள்.

இந்த முறை கடைசி ஞாயிறு வந்தபோது நானும் அலுவிகாரையைச் சேர்ந்த அம்றாவும் சமப் புள்ளியில் நின்றோம். ஓட்டம் எங்கள் தோட்டத்தில். கொழும்புக்குப் பெட்டி கட்டாததுதான் குறை, அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வரைபடத்தில் நிறங்களுக்குப் பேச்சு உண்டு. வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, கடும்பச்சை என்றால் புதர். மங்கிய ஒலிவ் பச்சை என்றால் குடியிருப்பு; காலே வைக்கக் கூடாது, வைத்தால் நீக்கம். குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்பது காரணம். பாதையை அமைத்தவர் ஜெயக்காந்தன் சேர், டவுனில் படிப்பிக்கிறவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயங்களை, நடுவே போகும் ஒற்றையடிப் பாதையோடு சேர்த்து, அந்த ஒலிவ் பச்சையால் மூடியிருந்தார்.

விதி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது பிறத்தியார் வீட்டுக்குத்தானே? பிறந்ததிலிருந்து பீலியில் தண்ணீர் பிடிக்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போன வாசல் அது. அம்றா மிளகுத் தோட்டத்தைச் சுற்றிப் போனாள். நான் நேரே இறங்கி, எங்கள் வாசலைக் கடந்து, அடுத்த கொடியில் குத்திவிட்டுப் பறந்தேன். முதலாவதாக வந்தேன்.

என் நேரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஜெயக்காந்தன் சேர் லயத்துக்கே ஏறிப்போனார். வாசலில் நின்ற அம்மாவிடம், உங்கள் மகள் இந்த வழியாக ஓடினாளா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். மகளைப் பற்றி டவுன் ஆள் ஒருவர் தேடிவந்து கேட்டால் என் அம்மா சுந்தரம்மா என்ன செய்வாள்? உட்காரச் சொல்லி, பிளேன்டீ கொடுத்து, என் மகள் காற்றாகப் பறந்தாள், கண்ணாலே கண்டேன் என்று பெருமை பேசியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் தாயின் வாயால் கெட்டேன்.

எல்லோர் முன்னும் என் பெயரை நீக்கினார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

"வீட்டுக்காரங்க அனுமதி இருந்தா போகலாம்தானே சேர்? வீட்டுக்காரி நான்தான்" என்றேன்.

"காணி யாரு பேர்ல இருக்கு துஷாந்தினி? தோட்டக் கம்பனி பேர்ல. அனுமதி அவங்கதான் தரணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சரியான விடையைச் சொல்கிற ஆசிரியரின் குரலிலேயே சொன்னார். கிண்ணத்தை வாங்கிய அம்றா என் முகத்தைப் பார்க்காமலே வேனில் ஏறினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, விதியை மதித்து ஓடியவள். அவள் வீடு எந்த வரைபடத்திலும் அவளுடைய வீடுதான்.

வீட்டில் அம்மா கோழி அறுத்துச் சமைத்திருந்தாள். கொழும்புக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டாள். சாப்பிடாமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவளைக் குத்திக்காட்டக் கூடாது என்று நினைத்தும் குரல் அப்படித்தான் வந்தது.

அகப்பையைக் கீழே வைத்தாள். "நம்ம வாசல்ல நீ ஓடினா யாருக்குத் தொந்தரவாம்?"

"உனக்குத்தான்மா."

சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தொந்தரவான்னு அவரு கேக்கவே இல்லையே, புள்ள. நீ ஓடினியான்னு மட்டுந்தானே கேட்டாரு."