முன்னால் நீட்டிய கை

கூண்டுக்குள் இருந்த கண்களில் ஒன்று கமலாம்பிகையைப் பார்த்தது. மற்றது ஜன்னலைப் பார்த்தது.

"உதென்ன பிள்ளை, ஓணானே?"

"பச்சோந்தி," என்றாள் நளாயினி. "யேமன் நாட்டு இனம். கையை வைச்சாச் சீறுவார், அதாலை ஒருத்தரும் வாங்கேல்லை. சனிக்கிழமையிலை நான் வேலைக்குப் போற செல்லப்பிராணிக் கடைதானே, முதலாளி என்னட்டையே தந்திட்டார். பேர் மாஸ்டர்."

மகள் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். கமலாம்பிகை லண்டனில் இல்ஃபோர்டுக்கு வந்து ஒரு மாதமாகியிருந்தது. அதுவரை 'ஓம்', 'வேண்டாம்', 'பாப்பம்' என்ற மூன்று சொற்களிலேயே அவர்களுக்கிடையில் வீடு நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு அப்பம் சுடுகிறேன் என்றால் "பாப்பம்." பின்னேரம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்கிறேன் என்றால் "பாப்பம்." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை.

காரணம் கமலாம்பிகைக்குத் தெரியும். எண்பத்தைந்தாம் ஆண்டு, கட்டுநாயக்க விமான நிலையம். கணவர் யோகலிங்கம் முன்னமே லண்டனுக்குப் போயிருந்தார். எட்டு வயது நளாயினியைச் சொந்தக்காரக் குடும்பம் ஒன்றோடு அனுப்புவதென்று முடிவாயிற்று. தாய் வரவில்லை என்று தெரிந்தால் பிள்ளை குழறி அழும், அழுதால் அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். "இதிலை இரு ராசாத்தி, சோடா வாங்கிக்கொண்டு ஓடிவாறன்," என்று சொல்லிவிட்டுக் கமலாம்பிகை போனாள். திரும்பி வரவில்லை.

ஆறு மாதத்தில் தானும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மாமனார் பாரிசவாதத்தில் விழுந்தார். அவரைப் பார்க்க வேறு ஆளில்லை. பிறகு சண்டையில் பாதை மூடியது. மாமனார் இறந்தபின் அவருடைய காரியங்களை முடித்து, கிளாலிக் கடலைப் படகில் கடந்து, கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்து, ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது மகளுக்குப் பதினாறு வயது. கமலாம்பிகை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். மகள் தடி மாதிரி நின்றாள்.

ஆகவே பச்சோந்தியைப் பற்றி மகள் பேசிய அந்த நாளுக்குப் பிறகு, கமலாம்பிகை பின்னேரங்களில் மகளின் அறை வாசலில் வந்து இருக்கத் தொடங்கினாள். ஊர்வன என்றாலே அவளுக்கு அருவருப்பு. ஆனாலும் மகள் வாய் திறப்பது அந்தக் கூண்டின் முன்னால் மட்டும்தான்.

மாஸ்டர் கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்கமாட்டார். சொட்டுச் சொட்டாக விழுவதைத்தான் நக்குவார். அதற்காகத் தயிர்க் கோப்பை ஒன்றின் அடியில் ஊசியால் துளைபோட்டுச் செடிக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள் நளாயினி.

"சிவன் கோயிலிலை லிங்கத்துக்கு மேலை தொங்கிற தாராபாத்திரம் மாதிரி," என்றாள் கமலாம்பிகை.

நளாயினி கோப்பையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "ஓம். அப்பிடித்தான் இருக்குது," என்றாள்.

இன்னொரு நாள், மாஸ்டரின் ஒரு கண் முன்னாலிருந்த பூச்சியிலும் மற்றது பின்னாலிருந்த கமலாம்பிகையிலும் நின்றபோது அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"எடியே, குலசேகரம் மாஸ்டரே?"

நளாயினி சிரித்துவிட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். ஒரு கண் கரும்பலகையில் இருக்கும்போதே மற்றக் கண்ணால் பின்வரிசை வாங்கில் புளியங்கொட்டை விளையாடுகிறவனைப் பிடித்துவிடுவார்.

"அவர் இப்ப எங்கை?" என்று கேட்டாள் மகள்.

"ஊரிலைதான். சுகமா இருக்கிறார்."

மகளின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஷெல் விழுந்து செத்துப்போனார் எண்டு அப்பா எப்பவோ சொல்லிட்டார்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கூண்டின் கதவைச் சாத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

அதன்பின் சில நாட்கள் மறுபடியும் மூன்று சொற்கள்தான்.

மூன்று வீடு தள்ளியிருந்த டொலறஸ் இதையெல்லாம் வேறு மாதிரிப் பார்த்தாள். பாஷையூர்க்காரி, வாய் சும்மா இராது. "உங்கட மோள் ஓணானை 'அவர், இவர்' எண்டெல்லே சொல்லுறாள், கமலாக்கா. எங்கட வீட்டிலை நான் மனுசனையே 'அது' எண்டுதான் சொல்லுறனான்."

"உன்ரை மனுசன் சீறமாட்டாரே?"

"சீறுறதோ! அந்தச் சோம்பேறிக்கு நிறம் மாறுறதுக்கே பஞ்சி."

மாசியில் ஒருநாள் நளாயினி தானாகவே வந்து சொன்னாள். பங்குனியில் உயிரியல் வகுப்பு வேல்ஸ் கடற்கரைக்குப் போகிறது. ஒரு கிழமை. அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் பின்னேர ஷிப்ட். மாஸ்டரைப் பார்க்க ஆள் வேண்டும்.

"உங்களுக்கு ஏலுமே?"

"ஏலும்."

"பாப்பம்," என்றாள். ஆனால் அன்றே பழக்கத் தொடங்கினாள்.

"மேலையிருந்து கையைக் கொண்டுவராதையுங்கோ. மேலையிருந்து வாறது பருந்து எண்டுதான் அவருக்குத் தெரியும். பின்னாலையும் வேண்டாம். ஒளிச்சு ஒண்டும் செய்யாதையுங்கோ. முன்னாலை, கொஞ்சம் கீழை, அவர் பாக்கத்தக்கதா நீட்டுங்கோ. கிளை மாதிரி. அவராத்தான் வரவேணும்."

கமலாம்பிகை நீட்டினாள். மாஸ்டர் தொண்டையை உப்பி, கறுத்து, வாயைத் திறந்து சீறினார். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இழுக்கக்கூடாது. வைச்ச கையை எடுத்தா அடுத்தமுறை நம்பமாட்டார். எவ்வளவு நேரமெண்டாலும் வைச்ச இடத்திலையே வைச்சிருங்கோ."

கமலாம்பிகை தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கையை நீட்டினாள்.

அப்படிப் பல பின்னேரங்கள். தோள்மூட்டு வலிக்கும். சோறு ஆறிப்போகும். முதலில் கறுப்பது நின்றது. பிறகு சீற்றம் நின்றது. மகள் புறப்படுவதற்கு முந்தின நாள் மாஸ்டர் ஒரு முன்காலை எடுத்து, காற்றில் ஆட்டி, அவளுடைய சுட்டுவிரலைப் பற்றினார். இடுக்கி மாதிரிப் பிடி. தோல் குளிர்ந்திருந்தது. அருவருப்பு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கொஞ்சநேரத்தில் காலை எடுத்துக்கொண்டு அவர் கிளைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை நளாயினி முதுகுப்பையோடு கூண்டின் முன்னால் போய் நின்றாள். "சனிக்கிழமை வருவன்," என்று மாஸ்டருக்குச் சொன்னாள். பிறகு தாயிடம் திரும்பி, "ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு ஃபோன் எடுப்பன்," என்றாள்.

சொன்னபடி எடுத்தாள். திங்கள், செவ்வாய், புதன். "சாப்பிட்டவரே?" "ஓம்." "குடிச்சவரே?" "ஓம்." எல்லாம் உண்மை. ஃபோனை வைத்தபிறகும் கமலாம்பிகை அதன் பக்கத்திலேயே கொஞ்சநேரம் நிற்பாள்.

வியாழக்கிழமை டொலறஸ் அப்டன் பார்க் கடைத்தெருவில் வாங்கிய நல்ல செத்தல் மிளகாய் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை மகள் வரும்போது நண்டுக்கறி வைக்கவேண்டும், கடைத்தூளில் அல்ல, வீட்டில் வறுத்த தூளில் என்று கமலாம்பிகை நினைத்தாள். போனமுறை வறுத்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருந்தாள். அதனால் இந்தமுறை குசினி ஜன்னலையும் பின்கதவையும் இறுக்கிச் சாத்தினாள். மல்லியை வறுத்தாள். மிளகாயைப் போட்டாள். அது கறுக்கும்வரை வறுத்தால்தான் யாழ்ப்பாணத்துத் தூள். புகை கண்ணைக் கரித்தது. இருமி இருமி வறுத்தாள்.

வெளியே போக வழியில்லாத புகை படியேறிப் போனதை அவள் நினைக்கவில்லை.

அவள் மேலே போனபோது அறை முழுக்க நெடி. மாஸ்டர் செடியின் அடிக்கிளையில் இருந்தார். நிறம் மண்ணும் கரியுமாக மாறியிருந்தது. எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு கண்களும் மூடியிருந்தன. பகலில் அவர் கண்ணை மூடினால் அது நோய் என்று மகள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, பூச்சியைக் காட்டினாள். கண் திறக்கவில்லை.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த யோகலிங்கம் வந்து எட்டிப்பார்த்தார்.

"நாளைக்கு மிருக டொக்டரிட்டைக் கொண்டுபோவம், நான் நேரம் எடுக்கிறன். பிள்ளைக்கு இப்ப சொல்லிப்போடாதை. அங்கை நிண்டு அழுதுகொண்டிருப்பாள். படிக்கப்போன இடம்."

"கேட்டாளெண்டா?"

"சுகமா இருக்கிறார் எண்டு சொல்லன். வந்தாப்பிறகு ஆறுதலாச் சொல்லுவம். அவளின்ரை நன்மைக்குத்தானே?"

அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லோரும் அன்றைக்கு விமான நிலையத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

ஏழு மணிக்கு மணி அடித்தது. கமலாம்பிகை படியடியில் நின்று எடுத்தாள்.

"சாப்பிட்டவரே?"

சுகமா இருக்கிறார் என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. எவ்வளவு லேசான சொல். சொன்னால் மகள் இன்றைக்கு நித்திரை கொள்வாள்.

"இல்லை," என்றாள். "கண் ரண்டையும் மூடிக்கொண்டு கிடக்கிறார். கறுத்துப்போனார். நான்தான் பிள்ளை. ஜன்னலைச் சாத்திப்போட்டு மிளகாய் வறுத்தனான். புகை மேலை போயிட்டுது."

அந்தப் பக்கத்தில் எங்கேயோ பிள்ளைகள் சிரித்தார்கள். நாணயம் ஒன்று ஃபோன் பெட்டிக்குள் விழுந்தது.

"கண் வீங்கியிருக்கே?"

"ஓம். கொஞ்சம்."

"கழுவவேணும். குளிக்கிற அறைக்குக் கொண்டுபோங்கோ. தயிர்க் கோப்பையைக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணி தலையிலை சொட்டச் சொட்ட வைச்சிருங்கோ. கண்ணைத் தானே உருட்டிக் கழுவுவார். ஆனா அமத்திப் பிடிக்காதையுங்கோ, பயத்திலையே செத்துப்போவார். கையைக் காட்டி..." நளாயினி நிறுத்திக்கொண்டாள்.

"கண் மூடியெல்லே இருக்கிறார்," என்றாள் கமலாம்பிகை. "எப்பிடிக் காட்டுறது?"

"தெரியேல்லை," என்றாள் மகள். முதன்முறையாக அது சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது. "எனக்குத் தெரியேல்லை. காசு முடியுது. நாளைக்கு முதல் ரெயினிலை வாறன்." தொடர்பு அறுந்தது.

கமலாம்பிகை மேலே போனாள். கூண்டைத் திறந்து, கிளைக்குக் கீழாகக் கையைக் கொண்டுபோய், அவருடைய முன்கால் பற்றியிருந்த இடத்தில் விரலைக் கிளையோடு சேர்த்து வைத்தாள். தோலின் ஓரம் மட்டும் காலில் படும்படி. உடல் ஒருமுறை உப்பியது. அவள் விரலை எடுக்கவில்லை. உப்பல் மெல்ல வடிந்தது. ஜன்னலால் பங்குனிக் குளிர் வந்தது. கை விறைத்தது. வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இனி இவர் வரமாட்டார் என்று நினைத்தபோது, அந்தக் கால் கிளையை விட்டது. தடவிப் பார்த்தது. விரலைப் பற்றியது. பிறகு மற்றக் கால். பிறகு முழு உடம்பும், ஒரு கடிதத்தின் பாரம்கூட இல்லாமல், அவளுடைய மணிக்கட்டில் ஏறி நின்றது.

குளியலறையில் திரைக் கம்பியில் கோப்பையைக் கட்டினாள். சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு. கொஞ்சநேரத்தில் மூடிய இமைக்குள் கண் உருளத் தொடங்கியது. யோகலிங்கம் வேலை முடிந்து வந்தபோதும் அவள் குளியல் தொட்டியின் விளிம்பிலேயே இருந்தாள்.

"சொல்லிப்போட்டியே?"

"ஓம்."

அவர் கேத்திலைக் கொண்டுவந்து கோப்பையில் சுடுதண்ணீர் கலந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நளாயினி வந்தாள். சேறு படிந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியேறினாள். கட்டிலில், விளக்கின் சூட்டுக்குக் கீழே கமலாம்பிகை கையை மடியில் நீட்டி வைத்திருந்தாள். மணிக்கட்டில் மாஸ்டர். இடது கண் மூடியபடி. வலது கண்ணில் ஒரு கீறல் அளவு திறப்பு. விலாவில் பச்சை, மிக மங்கலாக.

"டொக்டரிட்டை மூண்டு மணிக்குக் கொப்பா நேரம் எடுத்திருக்கிறார்," என்றாள் கமலாம்பிகை. "அந்தக் கண் தப்புமோ தெரியாது."

நளாயினி முழந்தாளில் இருந்து, தன் கையைத் தாயின் கைக்கு முன்னால் நீட்டினாள். விரல் நுனி விரல் நுனியைத் தொட்டது. மாஸ்டரின் திறந்த கண் மெல்லத் திரும்பியது. ஒரு கால் எடுத்து மகளின் விரலில் வைத்தார். மற்ற முன்காலையும் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார், முன்பாதி மகளிடம், பின்பாதி தாயிடம்.

"அசையாதையுங்கோ."

"அசையேல்லை."

நளாயினி தலையைக் குனிந்தபடியே கேட்டாள். "அண்டைக்கு எயர்போட்டிலை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"தூணுக்குப் பின்னாலை. சோடாப் போத்தலைக் கையிலை வைச்சுக்கொண்டு."

"வாங்கினனீங்களே?"

"வாங்கினனான். பிறகு கிட்ட வரப் பயந்துபோனன். நீ உள்ளை போகுமட்டும் அதிலைதான் நிண்டன்."

"நான் திரும்பித் திரும்பிப் பாத்தனான்."

"தெரியும். பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

மாஸ்டர் பிடியை இறுக்கினார். அவருடைய பின்கால்கள் இன்னும் கமலாம்பிகையின் மணிக்கட்டில்தான் இருந்தன. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.