வேண்டிக்கிறேன்

விடியும் முன் தண்டவாளம் பனியில் வழுக்கும். ஆனாலும் பத்து மணிக்கு மேல் தொட்டால் உள்ளங்கை வெந்துபோகும். அதனால் தாழையூத்துக்குக் கிழக்கே அந்தப் பொட்டலில் ஐந்து மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுவோம். ஒரு தண்டவாளத்தைத் தூக்க எட்டு இடுக்கி, இடுக்கிக்கு இரண்டு பேராகப் பதினாறு பேர். எங்களோடு இடுக்கி பிடிக்கும் மேஸ்திரி முத்துமாலை குரல் கொடுத்ததும் பதினாறு முதுகும் ஒன்றாக நிமிர வேண்டும். ஒருவன் பிந்தினால் அடுத்தவன் கால் போச்சு. காலையில் போட்ட பாதையை மாலையில் நாங்களே பிரிப்போம். இது வெறும் பயிற்சி. நிஜப் பாதை ஆப்பிரிக்காவில், தங்கம் வெட்டும் ஏதோ காட்டிலிருந்து துறைமுகம் வரை.

எனக்கு அதிலேயே சந்தேகம். அவ்வளவு தங்கம் கிடக்கிற ஊரில் இரும்பு தூக்க ஆளா கிடைக்கவில்லை? இதைக் கேட்டால், தாஜ் முகம்மதுக்குக் கிழக்கே சூரியன் உதித்தாலும் சந்தேகம்தான் என்று முத்துமாலை என்னைக் கேலி செய்வார்.

எங்களோடு பழகிய கிங்ஸ்லி முதல் குழுவில் போய் நாலு மாதம் ஆகிறது. தினமும் மனைவியோடு பேசியவன், மூன்று வாரமாகப் பேசவில்லை. போனில் எழுத்தாக மட்டும் செய்தி வந்தது. எங்கள் விமானம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ள ஒப்பந்தக்காரர் ஜெபசீலன் காரில் வந்து இறங்கினார். அவருக்கு முன்பே கிங்ஸ்லியின் மனைவி ஜெபராணி வந்து காத்திருந்தாள்.

கிங்ஸ்லி ஏன் பேசுவதில்லை என்று கேட்டாள். காட்டுக்குள் சிக்னல் கிடையாது, எழுத்தென்றால் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெபராணி போனை என்னிடம் நீட்டினாள். "வாசிங்க அண்ணாச்சி. உவரி அந்தோணியார் கோயில்ல உங்களுக்காக மெழுகுதிரி ஏத்தட்டுமான்னு நேத்து கேட்டேன். வந்த பதில் இது."

'கண்டிப்பா ஏத்து மா. நானும் இங்க வேண்டிக்கிறேன்' என்றிருந்தது.

இன்னொரு முறை வாசித்தேன். கிங்ஸ்லி வாயில் என்றைக்கு 'றேன்' வந்தது? சாப்பிடுதேன், தூங்குதேன், வேண்டிக்கிடுதேன் என்பான், எங்கள் ஊர்ப் பேச்சில். எழுதினாலும் அவன் அப்படித்தான் எழுதுவான்.

"என்னைய ஏட்டின்னுதான் கூப்பிடுவாரு, மான்னு இல்ல," என்றாள். "அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்துனதுக்கு எங்க அக்கா வீட்டுல சோறு வேண்டாம்னு எந்திரிச்சு வந்த மனுசன். புனிதர கும்பிடாத சபைக்காரரு, வேதத்துல இல்லாதத செய்ய மாட்டாரு. சோதிச்சுப் பாக்கத்தான் அப்படிக் கேட்டேன். இத எழுதுதது யாரு முதலாளி?"

அதே சபைக்காரரான ஜெபசீலனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

உயிரைப் பற்றி யாருமே கேட்கவில்லை.  ஜெபராணி தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஜெபசீலன் சுதாரித்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "பாஸ்போர்ட்ட எடுங்கலே. உங்களுக்கு இஷ்டமில்லன்னா நாளைக்கே வேற ஆள் நிப்பான்."

எல்லோரும் முத்துமாலையைப் பார்த்தோம். இந்தப் பயணத்தை நம்பிப் பழைய வேலையை விட்டவர் அவர். சட்டைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். முதலாளியைத் தாண்டிப் போய் ஜெபராணியின் மடியில் வைத்தார்.

"கிங்ஸ்லி வாயால பேசட்டும் முதலாளி. அதுவரைக்கும் இது அவ கையிலயே இருக்கட்டும்."

நான் இரண்டாவதாக வைத்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வளைகுடா வேலையையும் உதறிவிட்டு இதற்கு வந்த அகமது மீரான் வெகு நேரம் யோசித்துவிட்டுக் கடைசியாக வைத்தான். பதினாறு.

ஜெபசீலன் போனை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் நகர்ந்தார்.

"இங்கன நின்னு பேசுங்க," என்று எழுந்தாள் ஜெபராணி. "ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கணும்."

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வழிவிடவில்லை. கிங்ஸ்லி வேலை செய்யும் இடத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

கடல் கடந்து எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது. பதினேழு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம்.