முகப்பாடம்

செவ்வாய்க்கிழமை நான் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன். அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. முதலில் அது அவளுடைய குட்டு என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பாதி என்னுடையது என்று உறைத்தது.

நூலகத்தின் மாடியில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறைக்கு அடுத்த அறை எங்களுடையது. ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள், எப்போதோ நின்றுபோன ஒரு கடிகாரம். வாரத்தில் இரண்டு நாள், மாலை நான்கு மணிக்கு, வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். என் பங்குக்கு வந்தவள் ஒருத்தி. ஐம்பதைத் தொடப்போகிறவள். முதியோர் இல்லம் ஒன்றின் அடித்தளத்தில் துணி வெளுக்கிறாள்.

அன்றைக்கு நானே எழுதிவைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கு அதில் எறும்பு ஊர்வது மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் வாத்தியார் என்றால் ஒரு கெத்து வேண்டுமே. "படிங்க" என்றேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சீட்டு, மறுபடி நான்.

"என்னம்மா, போன வாரமெல்லாம் தண்ணி பட்ட பாடா படிச்சீங்களே?"

"இன்னிக்கு உங்க முகத்துல ஒண்ணுமே இல்லையே சார்" என்றாள். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு விஷயம் விளங்க அரை நிமிடம் ஆனது. நான் வளர்ந்தது மொத்த வியாபாரத் துணிக்கடைத் தெரு. அங்கே அரை நிமிடம் தாமதமாக விளங்கிக்கொள்கிறவனுக்கு வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள். வாங்க வருகிறவன் துணியைத் தடவுவதெல்லாம் சும்மா ஒப்புக்கு, அவன் தடவுவது உன் மூஞ்சியைத்தான் என்று அப்பா பத்து வயதிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். நாற்பது வருடம் அந்த மூஞ்சியை இழுத்துப் பூட்டி வைத்திருந்தவன் நான். சரக்கு கிடங்கில் மக்கிக்கொண்டிருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவன் அதை வாங்கக்கூடிய கடைசி ஆளாக இருப்பான், ஆனாலும் என் முகத்தில் ஒரு மயிர் அசையாது. அப்படிப்பட்ட முகத்தைத்தான் இவள் ஒன்பது வாரமாகப் பிரித்துப் படித்திருக்கிறாள்.

"எப்படி?" என்றேன். கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. தொழில் ரகசியம் கேட்பது போலக் கேட்டேன்.

"நான் சரியா ஆரம்பிச்சா உங்க புருவம் கொஞ்சம் மேல போகும். தப்பா ஆரம்பிச்சா மூக்குல மூச்சு விடுவீங்க. உதடு வேற. நான் சொல்றதுக்கு முன்னாலயே அது சொல்லப்போற மாதிரி குவியும். பாதிய நீங்க சொல்லிருவீங்க சார், மீதிய நான் சொல்லிருவேன்."

இந்தப் பெருமையைத்தான் நான் வாரம் இரண்டு முறை வீட்டில் அளந்துகொண்டிருந்தேன். கடையைத் தம்பி கையில் கொடுத்த நாளிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். "ஒண்ணு நீங்க வெளிய போங்க, இல்ல நான் போறேன்" என்று சொன்ன வீட்டுக்காரிதான் நூலகத்து அறிவிப்பைப் பார்த்து வந்து என் பெயரைக் கொடுத்தாள். "ஒம்பதே வாரத்துல சரளமா படிக்க வச்சுட்டேன், பாத்தியா?" என்று நான் அவளிடம் மார்தட்டியது போன வெள்ளிக்கிழமைதான்.

என் மாணவிக்கு நான் கண்ணாடியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். வந்த முதல் நாளே, படிவத்தை நிரப்பச் சொன்னதற்கு, "கண்ணாடி கொண்டு வரல சார்" என்றாள். இருபத்திரண்டு வருடமாக வங்கியில், மருத்துவமனையில், மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் அவளைக் கரைசேர்த்தது அந்த ஒரே வாக்கியம். உண்மையில் அவளிடம் கண்ணாடியே கிடையாது. மாடி ஜன்னலில் நின்றபடி, தெருக்கோடியில் திரும்பும் பஸ் தன்னுடையதா என்று சொல்லிவிடுவாள். "நம்பர் எதுக்கு சார், டிரைவர் மூஞ்சி தெரியாதா?"

அவள் படிக்க வந்த காரணம் மாத்திரை. இல்லத்தில் ஆள் பற்றவில்லை. மருந்து வேளைக்கு மட்டும் அடித்தளத்திலிருந்து அவளை மேலே கொண்டுவந்து மருந்துத் தட்டைத் தூக்கவிட்டார்கள். தலைமை நர்ஸ் எடுத்துக் கொடுப்பார், இவள் கொண்டுபோவாள். ஒரே மாதத்தில் பதினெட்டுப் பேருடைய மாத்திரையும் அவளுக்கு நிறத்தோடு அத்துப்படி. ஏழாம் ரூம் தாத்தாவுக்கு ஒரு ரோஸ், இரண்டு மஞ்சள். பதினோராம் ரூம் அம்மாவுக்குக் காலையில் நீலம் பாதி. இவளுடைய சுறுசுறுப்பைப் பார்த்து, பரீட்சை வைத்து மருந்துப் பொறுப்பையே கொடுக்கலாம் என்றார் தலைமை நர்ஸ். அந்தச் சமயம் பார்த்து இல்லம் வேறு கம்பெனியில் மருந்து வாங்க ஆரம்பித்தது. எல்லாம் வெள்ளை. பதினெட்டுப் பேருக்கும் வெள்ளை.

பரீட்சை வியாழக்கிழமை. அவளுக்கு நிஜமாகத் தெரிந்தது எவ்வளவு என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தேன். நாற்காலிகளைத் திருப்பி முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம்; கண்ணாடி இல்லாத எனக்காக அவள் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுப் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன. சின்னச் சின்னதாக முப்பது, நாற்பது சொற்கள் தெரிந்தன. மருந்தின் நீளமான பெயர்களில் வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. புதன்கிழமையும் வரச் சொன்னேன். வந்தாள். அந்த அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நூலகத்துப் பெண் எட்டிப் பார்த்தவள், ஏதோ சண்டை என்று நினைத்துச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் மாடிப்படியில் ஏறிவந்த சத்தத்திலேயே சேதி தெரிந்துவிட்டது. மார்பில் புது பேட்ஜ்.

"பாஸ் சார்! எட்டுக்கு எட்டு!"

"தலைமை நர்ஸ் எங்க உக்காந்திருந்தாங்க?"

"சிஸ்டரா?" அவள் தயங்கினாள். "எதிர்லதான்."

"அவங்க முகம் எப்படி?"

எவ்வளவு அடக்கியும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "கதவே இல்லாத கடை சார்."

வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இப்படி ஒரு ஆள் அந்தக் காலத்தில் எங்கள் கடை வாசலில் இருந்திருந்தால் எதிர்வரிசைக்காரன் எல்லாரும் மூட்டை கட்டியிருப்பான். ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல, எட்டு மணி ரவுண்டு. சிஸ்டருக்கு லீவு, நான் மட்டும்தான்."

"மருந்து அலமாரிக்கு முகம் இருக்கா?"

அவள் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சிஸ்டர்கிட்ட சொல்லிருங்கம்மா."

"சொல்லிட்டு? மறுபடி கீழ போகவா?" இரண்டு கையையும் என் மூக்குக்கு முன்னால் விரித்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை வெளுக்கும் மருந்தில் வெந்து தோலுரிந்திருந்தது. "இந்தக் கையால இன்னும் எத்தன வருசம் சார்? பெருசா பேசறீங்க. நீங்க துணி வித்தப்ப சாயம் போகாதுன்னு சொன்னதெல்லாம் போகாமயா இருந்துச்சு?"

"சாயம் போனா சட்டைதான் கெட்டுச்சு. ஆள் சாகல."

கீழே யாரோ புத்தகத்தில் முத்திரை குத்தும் சத்தம் மட்டும் டக், டக்கென்று கேட்டது.

"அண்ணே" என்றாள். அதுவரை சார்தான். "ரெண்டு வாரம். ரெண்டே வாரத்துல நிஜமாவே படிச்சுருவேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை நாளன்னிக்கே வருதே. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். விலை படியாதவர்கள் கடைசியாகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"சொல்ல மாட்டீங்க. உங்க முகம் சொல்லுது" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை முழுவதும் நடந்தேன். இல்லத்தின் எண்ணை மூன்று முறை அழுத்தி மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். "இந்தத் தரைக்கு வாய் இருந்தா அழுதுரும்" என்றாள் வீட்டுக்காரி. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

இல்லத்து வரவேற்பறையில் தலைமை நர்ஸே நின்றிருந்தார். கண்ணாடியம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. அந்த அம்மாளுடைய முகத்தில் எல்லாம் சரக்கை வெளியே தொங்கவிட்ட மாதிரி இருந்தது. களைப்பு, இரக்கம், நாளை ஒரு நாள் லீவு கிடைக்கப்போகிற சந்தோஷம் எல்லாம். பின்னால், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஏழாம் ரூமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்தான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது.

"யாரப் பாக்கணும்?" என்றார் தலைமை நர்ஸ்.

நாற்பது வருடம் வாயை வைத்தே பிழைத்தவன் நான். அப்போது வந்தது இதுதான்: "இல்ல, சும்மா... ரூம் ஏதாவது காலியா இருக்குமான்னு..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. "உங்களுக்கா?"

கையில் திணிக்கப்பட்ட விளம்பரத் தாளோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஓகோ, சேதி அப்படிப் போகுதா? எனக்கும் சேத்து கேட்டீங்களா, இல்ல தனியாத்தானா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "நாளைக்கு ஏழரை வரைக்கும் பாருங்க. அப்புறம் நீங்க கூப்பிடலேன்னா நான் கூப்பிடுவேன்" என்றாள். வியாபாரம் பேசும் வீட்டில் வாக்கப்பட்டவள். கெடு வைக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தேன். ஏழு இருபதுக்கு அது அடித்தது.

"அண்ணே, நான்தான். பேசாதீங்க. ஒரு வார்த்த பேசக்கூடாது, கேளுங்க, அது போதும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சிஸ்டர் வீட்டுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். லீவ விட்டுட்டு வந்துட்டாங்க. திட்டித் தீத்துட்டாங்க. இப்ப மருந்து ரூம்ல நிக்கறோம். அலமாரியிலேருந்து அஞ்சு மாத்திரை அட்டை எடுத்துக் குடுத்திருக்காங்க. அஞ்சும் சரியா படிச்சா, அவங்க பக்கத்துலயே நிக்க, நான் குடுக்கலாம். ஒண்ணு தப்பினாலும் நாளைக்குக் காலைல கீழ."

நான் தலையாட்டினேன், அது அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து.

"சிஸ்டர் அட்டையில இருக்கறத எழுதி வச்சுக்கிட்டு சுவத்தப் பாத்துட்டு நிக்கறாங்க. நான்தான் நிக்கச் சொன்னேன்."

தூரத்தில் இன்னொரு குரல், தூக்கம் கலையாத குரல்: "எவ்வளவு நேரம்மா நிக்கணும்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சிஸ்டர். திரும்பாதீங்க." பிறகு என்னிடம்: "அண்ணே, நீங்க மூச்சு விடறது கேக்குது. போனத் தள்ளிப் பிடிங்க."

கையை நீட்டிப் போனைத் தள்ளிப் பிடித்தேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து "யாரு?" என்றாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அப்படியே நின்றுவிட்டாள்.

போனில் கண்ணாடியம்மாவின் குரல் கொசு பாடுவது போல மெல்லியதாக வந்தது. முதல் பெயர். எழுத்து எழுத்தாக, கல்லுக் கல்லாகக் கால் வைத்து ஆற்றைக் கடப்பவள் மாதிரி போனாள். நடுவில் ஒரு இடத்தில் நின்றாள், திரும்ப ஆரம்பத்துக்கு வந்தாள், முழுவதாகச் சொன்னாள்.

"ம்" என்றார் தலைமை நர்ஸ்.

"ம் சொல்லாதீங்க சிஸ்டர்! கடைசியில மொத்தமா சொல்லுங்க."

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது, புதன்கிழமை அவளை இரண்டு மணி நேரம் அழவைத்த பெயர். என் உதடு குவியப் போனது. இடது கையால் அதை மூடிக்கொண்டேன், ஊருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அது தெரிந்துவிடும் என்பது போல. நான்காவது பெயரின் முதல் பாதியைச் சொன்னாள். அப்புறம் சத்தமே இல்லை.

கடையை விட்டு வந்ததிலிருந்து முதன்முறையாக என் கால்கள் ஓரிடத்தில் நின்றன. நீட்டிய கை வலித்தது. மடக்கவில்லை. போனிலிருந்து ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளின் மேல் ஒரு நகம் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நகரும் சத்தம். என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அவளும் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.